ஒரு வால்யூம் குமிழின் வரலாறு

முதலில் ஒரு மன்னிப்பு. கடந்த மார்கழியில் ஓர் இரவு, மணி பத்தரை இருக்கும், மூன்றாம் மாடியிலிருந்து திடீரென்று தவில் இடி இடித்ததைக் கேட்டு விழித்தவர்கள் நம் பிளாக்கில் பலர். எதிர் வீட்டுக் கைக்குழந்தை வீறிட்டது. மறுநாள் காலை செயலாளர் சார் வாட்ஸ்அப் குழுவில் யார் பெயரையும் சொல்லாமல் ஓர் அறிவிப்பு போட்டிருந்தாரே, அது என்னைப் பற்றியதுதான். நேரில் போய் மன்னிப்புக் கேட்டபோது, "அப்படி என்னதான் சார் நடந்தது?" என்று கேட்டார். பத்து நிமிடம் விளக்கினேன். "இதையே நம்ம இதழுக்கு எழுதிக் கொடுத்துடுங்க" என்றார். தண்டனையா பாராட்டா என்று இன்னும் புரியவில்லை.

நடந்தது இதுதான். என் பெரிய அண்ணன் 1970களில் இங்கிலாந்தில் வேலை பார்த்தவர். திரும்பி வரும்போது குவாட் என்ற கம்பெனியின் ஆம்ப்ளிஃபயர் ஒன்றைக் கொண்டு வந்தார். அது இரண்டு பெட்டி. ஒன்று குவாட் 33, குமிழ்களும் பொத்தான்களும் உள்ள சின்னப் பெட்டி. இதைத்தான் ப்ரீ ஆம்ப்ளிஃபயர் என்பார்கள். இன்னொன்று குவாட் 303, குமிழே இல்லாத கனமான பெட்டி; ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப்ளிஃபயர். அண்ணன் காலமான பிறகு 303 மட்டும் என்னிடம் வந்து சேர்ந்தது. 33 எந்த வீடு மாற்றலிலோ பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டதாம். 303க்குள் உலர்ந்துபோன கெப்பாசிட்டர்களை ஒரு நண்பர் மாற்றிக் கொடுத்தார். உயிர் வந்தது. ஆனால் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் வழி இல்லை.

விசாரித்ததில் ஒருவர், நல்ல ப்ரீ ஆம்ப் வாங்க அரை லட்சம் ஆகும் என்றார். இன்னொருவர், "எதற்கு? பாசிவ் ப்ரீ போதும்" என்றார். பாசிவ் ப்ரீ என்றால் மின் இணைப்பே தேவையில்லாத ஒரு பெட்டி. உள்ளே ஒரு வால்யூம் கண்ட்ரோல், சில சாக்கெட்டுகள், வேறொன்றும் கிடையாது. வருகிற சிக்னலைக் குறைக்குமே தவிர ஒரு துளியும் கூட்டாது. அரை லட்சத்துக்கும் சில நூறு ரூபாய்க்கும் நடுவே இவ்வளவு தூரமா என்று சந்தேகம் வந்தது. ஒன்றும் சேர்க்காத பெட்டி போதுமென்றால், சேர்க்கிற பெட்டியை உலகம் இத்தனை ஆண்டுகளாக எதற்குச் செய்தது? அதைத் தேடிப் போனபோது கிடைத்த கதை இது.

சத்தத்தைக் குறைப்பது ஒரு காலத்தில் மின்சாரத்தின் வேலையே அல்ல. சாவி கொடுத்து ஓட்டும் கிராமஃபோனில் குமிழ் கிடையாது. ஊசியை மாற்றினால்தான் சத்தம் மாறும். உரத்த ஒலி, நடுத்தர ஒலி, மென்மையான ஒலி என்று தனித்தனியே ஊசிகள் சின்னத் தகர டப்பாக்களில் விற்றன. தடித்த ஊசி அதிர்வை அதிகமாகக் கடத்தும், மெல்லிய ஊசி குறைவாக. 1906இல் அமெரிக்காவின் விக்டர் கம்பெனி விக்ட்ரோலாவைக் கொண்டு வந்தபோது கூம்பை மரப்பெட்டிக்குள் மறைத்து முன்னால் இரண்டு கதவு வைத்தது. கதவைத் திறந்தால் சத்தம், சாத்தினால் அமைதி. சொல்லப்போனால் உலகின் முதல் பாசிவ் வால்யூம் கண்ட்ரோல் அந்த மரக்கதவுதான்.

லீ டி ஃபாரஸ்ட் மூன்று முனை வால்வைக் கண்டுபிடித்தது அதே 1906இல். மின் சிக்னலைப் பெரிதாக்கும் வழி அதில் பிறந்தது. ஆனால் 1920களின் ரேடியோக்களில்கூட ஒலியைக் குறைக்க ஒரு முரட்டு வழிதான் இருந்தது: வால்வின் இழைக்குப் போகும் மின்சாரத்தைக் குறைப்பார்கள். விளக்கின் திரியை இறக்குவது போல. வால்வு மங்கும், சத்தம் இறங்கும், கூடவே குரலும் கரகரக்கும். பிறகுதான் கார்பன் தடமும் அதன் மேல் நகரும் தொடுமுனையும் கொண்ட பொட்டென்ஷியோமீட்டர் ரேடியோவுக்குள் வந்தது. அதன் தத்துவம் புதிதல்ல. ஜெர்மானிய இயற்பியலாளர் போகெண்டார்ஃப் 1841லேயே மின்னழுத்தத்தை அளக்கும் கருவியாக அதை விவரித்திருந்தார். அளக்க வந்த கருவி அடக்கும் கருவியாயிற்று. இன்று பாசிவ் ப்ரீ என்று விற்கும் பெட்டிக்குள் இருப்பதும் இதே சாமான்தான்.

1925இல் மைக்ரோஃபோன் வைத்து மின்முறையில் ரெக்கார்டு பதிவு செய்யத் தொடங்கினார்கள். அதைத் தொடர்ந்து, ரெக்கார்டைப் படிக்கவும் மின்சார பிக்கப் வந்தது. அந்தக் காலத்துப் பிக்கப் கனமான காந்தமும் சுருளும் கொண்டது. தட்டின் மேல் அழுந்தி உட்காரும். ஆனால் சிக்னலைத் தாராளமாகக் கொடுக்கும். 1930களில் பரவிய கிரிஸ்டல் பிக்கப்பும் அப்படித்தான், ஒரு வோல்ட் அளவுக்குத் தரும். ரோஷெல் உப்பு என்ற படிகத்தை வளைத்தால் மின்சாரம் பிறக்கும். அதுதான் அதன் சூட்சுமம். ஈரமும் வெக்கையும் அந்த உப்புக்கு ஆகாது என்பதை நம் ஊர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எப்படியிருந்தாலும், இவ்வளவு சிக்னல் வந்ததால் பிக்கப் வயரை ரேடியோவின் பின்னால் செருகினால் போதும், பாட்டு வரும். ப்ரீ ஆம்ப் என்ற ஒன்றே அங்கே தேவைப்படவில்லை.

தேவை வந்தது நல்ல ஒலிக்கு ஆசைப்பட்டபோதுதான். கனமான பிக்கப் தட்டைத் தேய்க்கிறது, உச்ச ஒலிகளை விழுங்குகிறது. எடை குறைந்த, நுண்ணிய ஊசி வேண்டும். ஊசியோடு ஆடும் பாகம் எவ்வளவு இலேசாகிறதோ, அது தரும் மின்சாரமும் அவ்வளவு இளைத்துவிடும். இரண்டாம் உலகப் போரின்போது நீர்மூழ்கிக் கப்பல்களின் ஒலியை இனம் காணப் பயிற்சி ரெக்கார்டுகள் தேவைப்பட்டன. அதற்காகப் பிரிட்டனின் டெக்கா கம்பெனியில் ஆர்தர் ஹேடியின் குழு செய்த வேலையிலிருந்து விரிந்த அலைவரிசை கொண்ட பதிவுமுறை பிறந்தது. போருக்குப் பின் அது இசைக்கு வந்தது. 1948இல் கொலம்பியா நிறுவனம் 33⅓ சுற்று எல்.பி. தட்டை வெளியிட்டது. அதன் நுண்பள்ளத்தில் பழைய கனத்த பிக்கப்பை வைத்தால் ஒரே நாளில் பள்ளம் பாழ். காந்த கார்ட்ரிட்ஜ்கள் சில மில்லிவோல்ட்தான் தந்தன. நல்ல கார்ட்ரிட்ஜ் ஒன்று 5 மில்லிவோல்ட் கொடுக்கிறது என்று வையுங்கள். ஒரு வோல்ட் கேட்கும் பவர் ஆம்புக்கு அதை 200 மடங்காக்க வேண்டும். இந்த 200 மடங்கைச் செய்ய வந்த வேலையாள்தான் ப்ரீ ஆம்ப்.

பெருக்கினால் மட்டும் போதாது. தட்டில் அடிநாதத்தை உள்ளபடி பதித்தால் பள்ளம் அகலமாகி அடுத்த பள்ளத்தோடு மோதும். அதனால் பதியும்போதே அடிநாதத்தைக் குறைப்பார்கள். உச்ச ஒலியை மாறாகக் கூட்டிப் பதிவார்கள். தட்டின் இரைச்சலுக்கு மேலே அது தலை தூக்கி நிற்க வேண்டும் அல்லவா? கேட்கும்போது இரண்டையும் தலைகீழாகத் திருப்ப வேண்டும். எவ்வளவு திருப்புவது என்பதில்தான் வம்பு. கொலம்பியாவுக்கு ஒரு கணக்கு, டெக்காவுக்கு ஒரு கணக்கு, பழைய 78 சுற்றுத் தட்டுகளுக்கு வேறு கணக்கு. ஒவ்வொரு கிளையிலும் ஒவ்வொரு லெட்ஜர் முறை இருந்தால் எப்படியிருக்கும் என்று என்னைப் போன்ற பழைய வங்கிக்காரர்களைக் கேளுங்கள்.

நியூயார்க்கின் கியூ கார்டன்ஸ் பகுதியில் சால் மராண்ட்ஸ் என்ற வணிக ஓவியர் இருந்தார். ரெக்கார்டு சேர்ப்பவர். தன்னிடம் இருந்த வெவ்வேறு கம்பெனித் தட்டுகளைச் சரியாகக் கேட்க ஏற்ற ப்ரீ ஆம்ப் கடையில் கிடைக்காமல், 1950களின் தொடக்கத்தில் தானே ஒன்றைச் செய்தார். ஆடியோ கன்சோலெட் என்று பெயர். பார்த்தவர்கள் எங்களுக்கும் ஒன்று என்று கேட்டு வர, மராண்ட்ஸ் கம்பெனி உருவாயிற்று. 1954இல் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம் எல்லோருக்கும் ஒரே கணக்கு என்று தீர்த்து வைத்தது. இன்றும் அதே கணக்குதான். அடிக்கோடியில் 20 ஹெர்ட்ஸ் ஒலியை நடு ஒலியைவிட ஏறக்குறைய ஒன்பது மடங்கு தூக்க வேண்டும். உச்சக் கோடியில் 20 கிலோ ஹெர்ட்ஸை ஒன்பது மடங்குக்கு மேல் அமுக்க வேண்டும்.

ப்ரீ ஆம்பைத் தனிப் பெட்டியாக வைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது வீட்டுக்காரர்களுக்கு உடனே விளங்கும். வால்வு பவர் ஆம்ப் என்பது அடுப்பு மாதிரி. கனமான ட்ரான்ஸ்ஃபார்மர்கள், கொதிக்கும் கண்ணாடி வால்வுகள். அதை அலமாரியின் அடியில் மறைத்துவிட்டு, கைபடும் குமிழ்களை மட்டும் அழகான சிறு பெட்டியாக மேலே வைத்தார்கள். பீட்டர் வாக்கர் 1936இல் தொடங்கிய நிறுவனம் 1953இல் வெளியிட்ட குவாட் II இப்படித்தான். அதன் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தனி மின் இணைப்புக்கூடக் கிடையாது, பவர் ஆம்பிலிருந்தே ஒரு கேபிள் வழியாக மின்சாரம் வாங்கிக்கொள்ளும். ஹெரால்ட் லீக் செய்த வேரிஸ்லோப்பும் அதே ஏற்பாடுதான்.

டோன் கண்ட்ரோலின் கதை இங்கே வருகிறது. பீட்டர் பேக்ஸாண்டால் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் 1952இல் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் ஒரு சுற்றை வெளியிட்டார். பேஸ், ட்ரெபிள் என்று நாம் திருகும் இரண்டு குமிழ்கள் பெரும்பாலான கருவிகளில் அவர் வழிதான். பத்திரிகையில் வந்ததை உலகமே எடுத்துக்கொண்டது. கடைத்தெரு டூ இன் ஒன்னில் இருந்தும் அவருக்கு ராயல்டி வந்திருந்தால் குடும்பம் எங்கோ போயிருக்கும்.

1958இல் ஸ்டீரியோ தட்டுகள் கடைக்கு வந்ததும் எல்லாம் இரண்டு இரண்டாயிற்று. ஒரே தண்டில் இரண்டு பொட்டென்ஷியோமீட்டர், இரண்டும் ஒரே சீராக நகர வேண்டும். இது சொல்ல எளிது. கார்பன் தடத்தின் ஆரம்பப் பகுதியில் இரண்டும் ஒத்துப்போவது அரிது. குமிழை மிகக் குறைத்து வைத்தால் இடது ஸ்பீக்கர் பாடும், வலது முணுமுணுக்கும். இந்தக் குறையை நினைவில் வையுங்கள், அடுக்குமாடிவாசிகளுக்கு இது முக்கியம்.

1967இல் குவாட் 33, 303 ஜோடி ட்ரான்சிஸ்டரில் வந்தது. இந்த இடத்தில் எண்களைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். 303க்கு அரை வோல்ட் கொடுத்தால் தன் முழுச் சக்தியான 45 வாட்டைத் தந்துவிடும். 33இன் ரேடியோ சாக்கெட்டில் 0.1 வோல்ட் கொடுத்தால் அது அரை வோல்ட்டாக்கிக் கொடுக்கும். ஐந்து மடங்கு. அந்த நாளைய ட்யூனரும் டேப்பும் அவ்வளவு மெலிந்த சிக்னல் தந்தன, ரெக்கார்டோ அதைவிட மெலிவு. ஆக 33க்கு வேலை இருந்தது. அண்ணன் வாங்கியது வீண் இல்லை.

1970களில் ஒரு தூய்மைவாதம் கிளம்பியது. நேரான கம்பி போல எதையும் கூட்டாமல் குறைக்காமல் சிக்னலைப் பெருக்குவதே ஆம்ப்ளிஃபயரின் லட்சணம் என்றார்கள். அமெரிக்காவில் ஜான் கர்ல் வடிவமைத்த மார்க் லெவின்சன் ஜேசி-2, இங்கிலாந்தில் ஜூலியன் வெரெக்கரின் நைம், இரண்டுமே டோன் கண்ட்ரோலைத் தூக்கி எறிந்தன. பீட்டர் வாக்கர் இதற்கு மசியவில்லை. ரெக்கார்டுகள் எல்லாம் ஒரே தரமல்ல என்பது அவர் கட்சி. பின்னால் வந்த குவாட் 34இல் ஒலியைத் தராசு போல ஒரு பக்கம் சாய்க்கும் 'டில்ட்' குமிழையே வைத்தார். இந்தச் சண்டையில் நான் வாக்கர் பக்கம். 1950களின் சினிமாப் பாட்டை டோன் கண்ட்ரோல் இல்லாமல் கேட்டுப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

பிறகு 1982 அக்டோபர் 1. ஜப்பானில் சோனியின் சிடிபி-101 விற்பனைக்கு வந்தது. ஃபிலிப்ஸும் சோனியும் சேர்ந்து வகுத்த சி.டி. என்ற வட்டத்தட்டு. அதன் ஒலித் தெளிவு பற்றி எல்லோரும் பேசினார்கள். பின்பக்கம் இருந்த ஒரு சங்கதியைப் பற்றி அதிகம் பேர் பேசவில்லை: முழு ஒலியில் அது 2 வோல்ட் வெளியே தந்தது. அதன் பிறகு வந்த சி.டி. பிளேயர்களுக்கும், இன்று நாம் கம்ப்யூட்டரோடு இணைக்கும் டாக் என்ற சிறு பெட்டிகளுக்கும் இந்த 2 வோல்ட்டே வழக்கமாகிவிட்டது.

5 மில்லிவோல்ட்டிலிருந்து 2 வோல்ட். 400 மடங்கு. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ப்ரீ ஆம்ப் எதற்காக உயிர் வாழ்ந்ததோ அந்த வேலை ஒரே நாளில் இல்லாமல் போயிற்று. பதிவுக் கணக்கைத் திருப்பவும் வேண்டாம், பெருக்கவும் வேண்டாம். ஆனாலும் ப்ரீ ஆம்ப்கள் அதே பெருக்கத்தோடு வந்துகொண்டே இருந்தன. அரை வோல்ட் கேட்கும் ஆம்புக்கு 2 வோல்ட் கொடுத்து, நடுவில் அதை 10 வோல்ட்டாக்கும் வசதியும் வைத்து, பிறகு குமிழால் அதைக் கழுத்தை நெரித்துக் குறைப்பது. கடன் தேவையே இல்லாதவருக்கு ஓவர்டிராஃப்ட் கொடுத்து வட்டியும் வாங்குவதுபோல.

நம் ஹாலில் சாதாரணமாகப் பாட்டுக் கேட்க ஒரு வாட் தாராளம். 45 வாட்டுக்கு அரை வோல்ட் என்றால் ஒரு வாட்டுக்கு 0.075 வோல்ட் (சக்தி மின்னழுத்தத்தின் வர்க்கமாக ஏறும்). 2 வோல்ட்டை அந்த அளவுக்குக் கொண்டுவர 27இல் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். நடுவில் ஐந்து மடங்கு பெருக்கும் ப்ரீ இருந்தால் 130இல் ஒரு பங்கு. அப்படியானால் குமிழ் எப்போதும் அடிமட்டத்திலேயே, அந்த இடது வலது ஒத்துப்போகாத பகுதியிலேயே நிற்கும். தனி வீட்டில் தோட்டத்தோடு இருப்பவர் திருகிக்கொள்வார். ஒன்பது அங்குலச் சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை தூங்கும் வீட்டில் நாம் வாழ்வதே அந்த அடிமட்டத்தில்தான்.

இந்தக் கணக்கைச் சிலர் 1980களிலேயே போட்டுவிட்டார்கள். கலிஃபோர்னியாவில் ஸ்டீவ் மெக்கார்மாக்கின் மாட் ஸ்க்வாட் நிறுவனம் 'லைன் டிரைவ்' என்ற பெட்டியை விற்றது. உள்ளே ஆம்ப்ளிஃபயரே இல்லை. தேர்வுச் சுவிட்ச், நல்ல பொட்டென்ஷியோமீட்டர், சாக்கெட்டுகள், அவ்வளவுதான். பாசிவ் ப்ரீ என்ற பெயர் கடைகளில் பழக்கமானது இது போன்ற பெட்டிகளால்தான். ஒன்றுமில்லாத பெட்டிக்கு இவ்வளவு விலையா என்று கேட்டவர்களும் உண்டு, இதுவரை கேட்டதிலேயே இதுதான் தெளிவு என்று மெச்சியவர்களும் உண்டு. பிறகு படிப்படியாக மின்தடைகளை மாற்றும் சுவிட்ச் வகை வந்தது. வானொலி நிலையங்களும் ஸ்டூடியோக்களும் பல காலமாக வைத்திருந்த ஏற்பாடு அது, இடது வலது துல்லியமாக ஒத்துப்போகும். இங்கிலாந்தின் ஸ்டீவன்ஸ் அண்ட் பில்லிங்டன் ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்தே வால்யூம் குறைக்கும் வகையைப் பிரபலமாக்கியது. மின்னழுத்தத்தைப் பாதியாக்கினால் அந்த ட்ரான்ஸ்ஃபார்மரின் வெளிவரும் மின்தடை கால்பங்காகும். ஆகவே நீளமான கேபிளையும் அநாயாசமாக ஓட்டும். விலையைக் கேட்டதும் போனை வைத்துவிட்டேன்.

ஏன் நீளமான கேபிளைப் பற்றிப் பேசுகிறேன் என்றால், பாசிவ் ப்ரீயின் பலவீனம் அங்கேதான். பொட்டென்ஷியோமீட்டர் மின்னழுத்தத்தைப் பாதியாகக் குறைக்கும் நிலையில், அதன் மொத்த மதிப்பில் கால்பங்கு மின்தடையாகச் சிக்னலின் வழியில் நிற்கும். 100 கிலோ ஓம் என்றால் 25 கிலோ ஓம். கேபிள் ஒவ்வொன்றும் ஒரு சிறு மின்தேக்கி, மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட். 5 மீட்டர் கேபிள் போட்டு, பவர் ஆம்பும் அதிக உள்ளீட்டு மின்தடை உள்ள வால்வு வகையாக இருந்தால், 12.7 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி மங்கத் தொடங்கும். ஜால்ராவின் மினுமினுப்பு போய்விடும். அதே இடத்தில் 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டரும் ஒரு மீட்டர் கேபிளும் இருந்தால் அந்த எல்லை 600 கிலோ ஹெர்ட்ஸைத் தாண்டும். வௌவாலுக்குக்கூடக் குறை தெரியாது. பாசிவ் ப்ரீ மந்தமாக ஒலிக்கிறது என்று கைவிட்டவர்களில் எத்தனை பேர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள் என்று யோசிப்பதுண்டு. எதிர்த்தரப்பிலும் நியாயம் இருக்கிறது. நெல்சன் பாஸ் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் 2008இல் பி1 என்ற சுற்றை வெளியிட்டார். மின்னழுத்தத்தைப் பெருக்காது, ஆனால் பொட்டென்ஷியோமீட்டருக்கு முன்னும் பின்னும் நின்று அதற்குத் தோள் கொடுக்கும். இரண்டு கட்சிக்கும் நடுவே நாற்காலி போட்டவர் அவர்.

நான் வாங்க நினைப்பவரிடம் மூன்றே எண்களைப் பார்க்கச் சொல்வேன். பாட்டுத் தரும் கருவி எத்தனை வோல்ட் கொடுக்கிறது. பவர் ஆம்ப் முழுச் சக்திக்கு எத்தனை வோல்ட் கேட்கிறது. பவர் ஆம்பின் உள்ளீட்டு மின்தடை என்ன. அது பொட்டென்ஷியோமீட்டரின் மதிப்பைவிட நன்றாகவே அதிகமாக இருக்க வேண்டும். என் 303இன் உள்ளீடு 22 கிலோ ஓம், ஆகவே 10 கிலோ ஓம் குமிழ். கணக்கு நேராக வந்தது. இவ்வளவு படித்துவிட்டு, ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு ஸ்டீரியோ பொட்டென்ஷியோமீட்டரும் ஒரு தகரப் பெட்டியும் வாங்கி வந்து, நண்பர் உதவியோடு சால்டர் வைத்து, அந்த மார்கழி இரவு சி.டி. பிளேயரை இணைத்தேன்.

குமிழை மெல்லத் திருப்பினேன். சத்தமே இல்லை. இன்னும் கொஞ்சம். காதுக்கு எட்டவில்லை. தட்டின் ஆரம்பத்தில் ஆலாபனை, அது மெல்லியது என்று தோன்றவில்லை. குமிழைக் கால் சுற்று திருப்பி வைத்துவிட்டு ஸ்பீக்கர் வயரைப் பார்க்கக் குனிந்தேன். தவில் வந்தது.

தவறு என் மேல்தான். பொட்டென்ஷியோமீட்டரில் இரண்டு வகை. ஒன்று ஒரே சீராக ஏறுவது, இன்னொன்று மெல்லத் தொடங்கிக் கடைசியில் வேகமாக ஏறுவது. நம் காது கூட்டல் கணக்கில் கேட்பதில்லை, பெருக்கல் கணக்கில் கேட்கிறது. அதனால்தான் 1920களில் பெல் ஆய்வகத்தார் டெசிபல் என்ற அளவையே வகுத்தார்கள். வால்யூமுக்கு வேண்டியது இரண்டாவது வகை. ஜப்பானிய, சீனச் சாமான்களில் அதற்கு 'ஏ' என்றும் முதல் வகைக்கு 'பி' என்றும் அச்சிட்டிருக்கும். நான் வாங்கியது பி10கே. அதில் கால் சுற்று திருப்பினால் 2 வோல்ட்டில் கால்பங்கு, அதாவது அரை வோல்ட். அரை வோல்ட்டில் 303 என்ன செய்யும் என்று மேலே சொல்லியிருக்கிறேன். முழு 45 வாட். அண்ணன் அந்தப் பெட்டியை வைத்திருந்த இத்தனை ஆண்டுகளில் ஒருநாளாவது அவ்வளவு சத்தத்தில் கேட்டிருக்க மாட்டார்.

மறுவாரம் ஏ10கே வாங்கினேன், ஆல்ப்ஸ் கம்பெனியின் நீல நிறத்தது. விலை பல மடங்கு, ஆனாலும் அரை லட்சத்துக்கு வெகு தூரம். கூடவே ஒரு காரியம் செய்தேன். குமிழுக்கு முன்னால் சேனலுக்கு ஒன்றாக 30 கிலோ ஓம் மின்தடை சேர்த்தேன். 2 வோல்ட் அங்கேயே அரை வோல்ட்டாகிவிடும். இப்போது ஒரு வாட் சத்தம் குமிழின் 12 மணி நிலையில் வருகிறது. இரவில் 10 மணிக்குக் கீழேதான் வைக்கிறேன். இடதும் வலதும் அங்கே ஒன்றாகவே பாடுகின்றன. அறியாமல் கால் சுற்று திருப்பினாலும் இனி யாரும் விழிக்க மாட்டார்கள்.

அண்ணனின் ரெக்கார்டுகள் இரண்டு அட்டைப்பெட்டி லாஃப்டில் இருக்கின்றன. அவற்றைக் கேட்க இந்தப் பெட்டி உதவாது, 5 மில்லிவோல்ட்டை அது இன்னும் இளைக்க வைக்கும். அதற்குத் தனியாக ஒரு ஃபோனோ ப்ரீ வாங்க வேண்டும். 1954இன் கணக்கைத் திருப்பிப் போடும் பெட்டி. தை பிறந்ததும் பார்க்கலாம் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். எதிர் வீட்டுக் குழந்தைக்கு அதற்குள் ஒரு வயது ஆகிவிடும்.